இடது கை

பர்ச்சேஸ் மேனேஜர் மேசையில் நிற்கிறான் முள்வேந்தன்.
ஆறு அங்குலம். ரெசின்.
பீடத்தடியில் 217/300 என்று பொன்னிற எண்.
"பொண்ணு வாங்கிக் குடுத்தா. எழுநூத்தம்பது ரூபா.
இனிமே கிடைக்காதாம்."
நான் மாம்பழக் கூழின் ரிப்போர்ட்டை நீட்டுகிறேன்.
பெங்களூரா. பிரிக்ஸ் பதினாலு. அமிலம் சரி.
காவேரிப்பட்டணம் லாரிகள் கேட்டுக்கு வெளியே
ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன.
அவர் பேனா தேடுகிறார்.

நல்ல வேலைப்பாடு.
முள் ஒவ்வொன்றும் தனித்தனி.
இடப்பக்கம் மூன்றாவது முள் வளைந்திருக்கும்,
அதைக்கூட விடவில்லை.
தொப்பூர் இறக்கத்தில் பஸ் கூரையிலிருந்து
மூட்டையோடு சரிந்த அன்று வளைந்தது அது.

முள்வேந்தன் என்பது சிண்டிகேட் கூடி வைத்த பேர்.
தர்மபுரி முழுக்க அவன் பன்னிதான்.
"பன்னி வந்தாச்சா? மேட்ச் ஆரம்பிக்கலாமா?"

முட்டி போன பிறகு
தீர்த்தகிரி சார் என் ஜெர்சியை வாங்கிக்கொண்டு
அந்தத் தலையைக் கையில் கொடுத்தார்.
"கோர்ட்டு பக்கத்துலயே இருக்கலாம் இல்ல?"
இருந்தேன்.
மேட்சுக்கு நூற்றைம்பது ரூபாய், ஒரு முட்டை பப்ஸ்.
உள்ளே ஸ்பாஞ்சு,
எனக்கு முன்னால் போட்டவனின் வியர்வை,
வாய் இருக்கும் இடத்தில் கொசுவலை.
வலை வழியே தெரிந்த உலகம்:
ரூபாவதியின் முழங்கால், சுண்ணாம்புக் கோடு, மண்.

முள்ளம்பன்றி முள்ளை எறியும் என்கிறார்கள்.
எறியாது.
பின்புறமாக ஓடி வந்துதான் குத்தும்.
விலங்கியல் பையன் ஒருவன் சொன்னதைக் கேட்டு
நானும் பின்னாலேயே ஓடி
நடுவர் நாற்காலியை இடித்தேன் ஒருநாள்.
அன்றிலிருந்து கூட்டம்
ரைடரை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தது.

இறுதிப் போட்டி ஏப்ரலில்.
எதிரே சேலத்துப் பெண்கள்.
முதுகு ஜிப் பாதியில் பிளந்துகொண்டது.
ரூபாவதி தன் ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டு
கோர்ட்டுக்குள் ஓடினாள்.
ஊக்குப் போட்டால் உள்ளிருந்து திறக்க வராது.
அது அவளுக்குத் தோன்றவில்லை,
எனக்கும்தான்.

கடைசி மூன்று நிமிடம்.
வலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது,
முதலில் மண், பிறகு ஆட்கள், பிறகு சத்தம்.
இடது கையைத் தூக்கினேன்.
எங்களுக்குள் வைத்திருந்த சைகை அது:
தண்ணி. இல்லை, ஜிப். சீக்கிரம்.

அதே நொடி
நாலு பேர் மேலே கிடக்க
ரூபாவதியின் விரல்நுனி கோட்டைத் தொட்டது.
ஒரு புள்ளி.
மைதானமே கையைத் தூக்கியது.
என் கை அதில் ஒன்றாகிவிட்டது.
போட்டோக்காரர் சரியான இடத்தில் நின்றிருந்தார்.

வெற்றிக் களிப்பில் முள்வேந்தன் என்றது மறுநாள் பேப்பர்.
பிறகு ஹாஸ்டல் சுவரில், டீ ஷர்ட்டில்,
பட்டமளிப்பு விழா பேனரில் அதே கை.
இப்போது இங்கே,
ஸ்டேப்ளருக்கும் காலண்டருக்கும் நடுவில்.

கண் விழித்தபோது சைக்கிள் ஷெட்.
பக்கத்தில் கழற்றிய தலை, என்னைப் பார்த்தபடி.
எங்கள் ஆட்கள் எல்லாம்
கோப்பையோடு லாரி மேல் போய்விட்டிருந்தார்கள்.
சேலத்துப் பெண் ஒருத்தி
தோற்ற ஜெர்சியோடு குந்தி உட்கார்ந்து
ஸ்கோர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
உதட்டில் ரத்தம், அவளுக்கு.
"உள்ள பொண்ணா இருக்கும்னு நெனைக்கல" என்றாள்.
பேர் கேட்கத் தோன்றவில்லை.
அவளுக்கு யாரும் பொம்மை செய்திருக்க மாட்டார்கள்.

"எடுத்துப் பாரு, நாகரத்னா."
எடுத்தேன். கனம்.
திருப்பினால் முதுகில் ஜிப், பாதி வரை.
நகத்தால் ஓட்டிப் பார்த்தேன்.
கடுகளவு ஊக்கு ஒன்று இருக்கிறது அங்கே,
வெள்ளி வர்ணம் தொட்டு.

அவரும் அப்போதுதான் கவனிக்கிறார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறார்.
"என்னம்மா இது? டேமேஜ் பீஸைத் தள்ளிட்டானா?"

"இல்ல சார்," என்றேன்.
"முந்நூறுலயும் இருக்கும்."